சேதப் பொருள்களுக்கு ஒரே தொட்டி: எதை எதோடு வைக்கக் கூடாது?

இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு உபயோகப் பொருள்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதத்திலிருந்து சேதப் பகுதியும் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. உடைந்தவை, ஒழுகுபவை, காலாவதியானவை, கடைகளிலிருந்து திரும்பி வந்தவை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூலையில் பெரிய நீலத் தொட்டி ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் அதில்தான் போட்டுவந்தார். நானும் அப்படியே தொடர்ந்தேன்.

மூன்று நாள்களுக்கு முன்பு, விடியற்காலை 4 மணி இருக்கும், சரக்கு அடுக்கி வைக்கும் பலகையான பேலட் ஒன்று சரிந்து 5 லிட்டர் பிளீச் கேன்கள் இரண்டில் விரிசல் விட்டது. எங்கள் பையன் ஒருவன் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் நீலத் தொட்டியில் வைத்தான். அதன் அடியில், மூடி உடைந்த கழிப்பறை ஆசிட் பாட்டில்கள் முந்தைய ஷிஃப்டிலிருந்தே கிடந்திருக்கின்றன. சற்று நேரத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி. என்னவென்று பார்க்கத் தொட்டிக்குள் குனிந்தவனுக்கு இருமல் நிற்கவே இல்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. போகிற வழியிலேயே சரக்கு வாசல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றினேன். தீயணைப்புத் துறையை அழைத்தேன். பையனை மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நலமாக இருக்கிறான். அவனுக்கு வயது 19. அவனுடைய அம்மா தொலைபேசியில் என்னிடம், “அவன் மூட்டை தூக்குகிறான் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அந்தத் தொட்டியை இனி பயன்படுத்த மாட்டேன் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன். சரி, மாற்று ஏற்பாட்டை நீயே எழுதிக் கொடு என்கிறார்கள். எங்களிடம் வேதியியல் படித்தவர் யாரும் இல்லை. ஒரு ஷிஃப்டில் 40, 50 சேதப் பொருள்கள் வரும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து ஆராய நேரமும் கிடையாது. எதை எதோடு வைக்கலாம், எதை எதனிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும்? லேபிள் நனைந்து கிழிந்துபோய் வரும் பாட்டிலை என்ன செய்வது? இந்த வேலையைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

சேதப் பகுதி அக்கா எழுதியது:

தம்பி, எல்லோரையும் வெளியே அனுப்பினீர்கள் அல்லவா, அன்று நடந்தவற்றில் மிகச் சரியான காரியம் அதுதான். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறை ஆசிட்டில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. மேலே போகாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். குனிந்து பார்ப்பவரின் முகம் நேராக அதற்குள்தான் போகும். பையன்மேல் தவறே இல்லை. ஒழுகும் பொருளை ஒழுகும் பொருளுக்கான இடத்தில் வைத்தான். அவனுக்குக் காட்டப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

நான் 22 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் சேர்ந்த முதல் கிடங்கில் தொட்டி ஒன்றல்ல, நான்கு இருந்தன. சமையலறை, குளியலறை, தோட்டம், வாகனம் என்று கடை அலமாரியைப் போலவே பிரித்து வைத்திருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: குளியலறைத் தொட்டியில் பிளீச்சும் வரும், ஆசிட்டும் வரும். பொருளை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்துப் பிரித்தால், ஒன்றுக்கொன்று ஆகாதவை பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் புதிய ஏற்பாட்டை எழுதும்போது தயவுசெய்து இந்த வழிக்குப் போய்விடாதீர்கள். எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது ஒழுகினால் எதன்மேல் ஒழுகும்? கையில் எடுத்த அந்த நொடியில் இதைக் கேட்க வேண்டும். இப்போதைக்கு இங்கே இருக்கட்டும், ஷிஃப்ட் முடிவில் பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்தால், உங்கள் நீலத் தொட்டி வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

லேபிளில் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரக் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தவை அவை, மொத்தம் 9. அவற்றைப் படிக்க எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். ஆனால் குறியை மட்டும் நம்பிப் பிரிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கையின்மேலும் உலோகத்தின்மேலும் திரவம் சொட்டும் படம் இருக்கிறதே, அரிக்கும் பொருளுக்கான குறி, அது ஆசிட்டிலும் இருக்கும், சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்திலும் இருக்கும், பல பிளீச் கேன்களிலும் இருக்கும். ஒரே படம் போட்ட மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் அன்று நடந்தது மறுபடியும் நடக்கும். அதேபோல் சுடர் மட்டும் இருந்தால் அது எரியும் பொருள். வட்டத்தின்மேல் சுடர் இருந்தால் அது மற்றவற்றை எரியத் தூண்டும் பொருள். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அவை ஒன்றையொன்று பார்க்கவே கூடாது.

அதனால் என் மேசையில் ஆசிட்டுக்கு ஒரு தட்டு, காரத்துக்கு ஒரு தட்டு, பிளீச்சுக்குத் தனியாக ஒரு தட்டு. நகச்சாய நீக்கி, தின்னர், கை கழுவும் ஆல்கஹால் போன்ற எரியும் திரவங்கள் தனி அலமாரியில். ஸ்பிரே டப்பாக்கள் தனி. பூச்சி மருந்து தனி. தட்டு என்றால் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு. அதில் இருக்கும் மிகப் பெரிய கேன் முழுவதும் கொட்டினாலும் உள்ளேயே நிற்க வேண்டும். அந்தக் கேனின் கொள்ளளவில் 110 விழுக்காடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு இரண்டுக்கும் அடியில் ஒரே தட்டை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுகினால் இரண்டும் தட்டில் சந்தித்துக்கொள்ளும்.

நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே பயம் தரும் சரக்கு அது. கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒரு வகை. டிரைகுளோர் எனப்படும் மாத்திரை வகை இன்னொன்று. இரண்டு டப்பாவிலும் பெரிய எழுத்தில் குளோரின் என்றே இருக்கும். இரண்டையும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. டப்பா உடைந்து தரையில் சிந்திவிட்டால் கிடங்கில் எல்லோரும் செய்வது என்ன? துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவது. அந்தத் துடைப்பத்தில் எண்ணெய் இருக்கும், அட்டைத் தூள் இருக்கும், நேற்றுப் பெருக்கிய வேறொன்று இருக்கும். பெருக்கி அள்ளியதை மறுபடியும் நல்ல டப்பாவில் கொட்டி மூடியை இறுக்கிவிடுவார்கள். அங்கிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. இதற்கென்றே புதிய, உலர்ந்த பிளாஸ்டிக் முறம் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். அள்ளியதை உலர்ந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மூடியை இறுக்காமல், கட்டடத்துக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, ஆபத்தான கழிவுகளை அகற்றும் நிறுவனத்தை அழையுங்கள். ஈரம் பட்டிருந்தால் நகர்த்தும் முன்பே அவர்களைக் கேளுங்கள்.

சிந்தியதை உறிஞ்ச மரத்தூள் போடும் பழக்கம் உங்களிடமும் இருக்கும். பிளீச், பெராக்சைடு, குளத்துக் குளோரின் ஆகியவற்றின்மேல் மரத்தூளோ பழந்துணியோ காகிதமோ கூடாது. சூடேறித் தீப்பிடிக்க வழியாகும். சிந்திய திரவத்துக்குக் களிமண் துகளோ உலர்ந்த மணலோ போதும்.

அடுத்ததில் நிர்வாகத்தோடு நீங்கள் சண்டை போட வேண்டியிருக்கும். பாதி பாதியாகப் பத்து பாட்டில் வந்தால், எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் இடம் மிச்சமாகுமே என்பார்கள். ஊற்றாதீர்கள். ஒரே பெயருள்ள இரண்டு பாட்டில்களாக இருந்தாலும் ஊற்ற வேண்டாம். கடையிலிருந்து திரும்பி வந்த பாட்டிலுக்குள் வாடிக்கையாளர் எதை நிரப்பிக் கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒழுகும் பாட்டிலை அப்படியே நிமிர்த்தி, அதைவிடப் பெரிய வாளிக்குள் வையுங்கள். ஆசிட்டுக்கு உலோக வாளி ஆகாது; அது உலோகத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். வாளியின்மேல் பொருளின் பெயர், தேதி, வைத்தவர் பெயர் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

லேபிள் இல்லாததைக் கேட்டிருந்தீர்கள். முகர்ந்து பார்க்கக் கூடாது. திறக்கவும் கூடாது. பார்கோடு ஒரு மூலையில் மிச்சமிருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். அது எந்தச் சரக்கு என்பதைக் கணினி சொல்லிவிடும். அதுவும் இல்லையென்றால் அந்தப் பாட்டில் எந்த அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது என்று தேடுங்கள். கூடப் பிறந்தவை அதிலேயே இருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் ‘தெரியாதவை’ என்று ஒரு தட்டு வையுங்கள். அதில் ஒவ்வொரு பாட்டிலும் தனி வாளிக்குள் இருக்க வேண்டும். தெரியாத இரண்டைச் சேர்த்து வைப்பது, ஆகாத இரண்டைச் சேர்த்து வைப்பதற்குச் சமம்.

பெயர் தெரிந்துவிட்டால் தயாரிப்பாளர் தரும் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 10ஆம் பகுதியைப் படியுங்கள். எதோடு சேரக் கூடாது என்பது அங்கே இருக்கும். சிந்தினால் என்ன செய்வது என்பது 6இல், கையுறை பற்றி 8இல். கையுறை என்றதும் நினைவுக்கு வருகிறது: நீல நைட்ரைல் கையுறை பிளீச்சுக்குத் தாங்கும், நகச்சாய நீக்கியில் இருக்கும் அசிட்டோன் சில நிமிடங்களிலேயே அதைக் கடந்துவிடும். அசிட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும்.

அடிக்கடி வரும் 50, 60 சரக்குகளுக்கு ஒரு முறை உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து, எது எந்தத் தட்டுக்கு என்று மேசைக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு பையன்கள் யாரும் ஆராய வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் மட்டும் உங்களைக் கூப்பிடட்டும்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் எழுதியது:

அம்மா சொன்னதில் எனக்குச் சேர்க்க வேண்டியவை இரண்டு. இரண்டுக்காகவும் நான் கிடங்குகளுக்குள் ஓடியிருக்கிறேன்.

முதலாவது பேட்டரி. அதை இந்தத் தட்டுகள் எதிலும் வைக்காதீர்கள். பவர் பேங்க், கம்பியில்லாத் துளைப்பான், பொம்மைக் கார், மடிக்கணினி என்று திரும்பி வரும் பொருள்களில் பாதிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. வீங்கியது, நசுங்கியது, தொட்டால் சூடாக இருப்பது, இனிப்பான கரைப்பான் வாசனை வருவது எதுவானாலும் அது நெருப்பு என்றே கருதுங்கள். உள்ளே ஒரு செல் சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடே அடுத்த செல்லைப் பற்றவைக்கும். வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. அணைந்துவிட்டது என்று திரும்பிய பிறகு, பல மணி நேரம் கழித்து மறுபடியும் பற்றியதைப் பார்த்திருக்கிறேன். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். மூச்சுக்கருவி இல்லாமல் அருகில் போகக் கூடாது.

சேதமில்லாத பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். சேதமானது குளிர்ந்திருந்தால் உலர்ந்த மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் வைத்து, மூடியை இறுக்காமல், கட்டடத்தின் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வெளியே வையுங்கள். சூடாகவோ புகைந்துகொண்டோ இருந்தால் தொடவே வேண்டாம். ஆள்களை வெளியேற்றிவிட்டு எங்களை அழையுங்கள். சேதமான லித்தியம் பேட்டரியைச் சாதாரணச் சரக்கு வண்டியில் ஏற்ற முடியாது. அதற்கான கட்டுமுறையும் விதியும் தனி. எடுத்துப்போக வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, அட்டைகளை அமுக்கிக் கட்டும் இயந்திரம். காலி என்று நினைத்து உள்ளே போன ஒரு ஸ்பிரே டப்பா போதும். அதில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன். அவையும் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். உங்கள் சேதப் பகுதி ஃபோர்க்லிஃப்டுக்கு சார்ஜ் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பல கிடங்குகளில் இரண்டும் ஒரே மூலையில்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுமே யாருக்கும் வேண்டாத மூலைக்குத் தள்ளப்படுபவை. அங்கே பொறி பறக்கும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வரும். அப்படி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சிறுகடை நண்பர் எழுதியது:

இவ்வளவு தேவையா? ஒன்றிரண்டு பாட்டில் என்றால் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சாக்கடையில் ஊற்றிவிடலாம். நாங்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

நண்பரே, தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். காலையில் ஊற்றிய ஆசிட்டும் மாலையில் ஊற்றிய பிளீச்சும் குழாயின் வளைவில் தேங்கும் நீரில் சந்திக்கும். வெளியே பிரித்து வைத்ததை உள்ளே சேர்த்துவிடுகிறீர்கள். தின்னரும் அசிட்டோனும் ஊற்றினால் அவற்றின் ஆவி குழாய் வழியே வேறோர் அறையில் எழும்பும். தண்ணீர் விட்டால் எல்லாம் சாதுவாகிவிடும் என்பதும் சரியல்ல. அடைப்பு நீக்கும் காரத் துகள்கள்மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். குளத்துக் குளோரினுக்குக் கொஞ்சம் தண்ணீர் என்பது மிக மோசமான அளவு. பூச்சி மருந்து ஆற்றுக்குப் போனால் மீன்களைக் கொல்லும். அதைக் கழிவுநீர் நிலையம் முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. தரவுத் தாளின் 13ஆம் பகுதியில் அகற்றும் முறை எழுதியிருக்கும். ஒரே ஒரு பாட்டில் என்றாலும் அதைப் பாருங்கள்.

இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சார்ஜ் ஏற்றும் இடம் எங்கள் சேதப் பகுதியிலிருந்து எட்டு அடி தூரத்தில் இருந்தது. ஐயா எழுதியதைப் படித்த அன்று இரவே சேதப் பகுதியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். நீலத் தொட்டியில் மிச்சமிருந்ததை அகற்றும் நிறுவனத்தார் வந்து எடுத்துப்போனார்கள். தட்டுகள் வந்துவிட்டன. பிளீச் தட்டை வாசல் பக்கமும் ஆசிட் தட்டை மறுகோடியிலும் வைத்திருக்கிறேன்.

அக்கா, அலமாரிகளின் அடியைச் சுத்தம் செய்தபோது மூன்று பொருள்கள் கிடைத்தன. எந்தத் தட்டுக்கு என்று புரியவில்லை. தலைமுடிச் சாயத்தோடு வரும் பெராக்சைடு பாட்டில் ஒன்று, பலூன் போல உப்பியிருக்கிறது. உடைந்த குழல் விளக்குகள் நான்கு. மரச் சாமான்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் சிந்தியதைத் துடைத்த பழந்துணி ஒரு மூட்டை.

சேதப் பகுதி அக்கா எழுதியது:

துணி மூட்டையை முதலில் பாருங்கள் தம்பி, இதைப் படித்தவுடனே. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூட்டைக் கக்கும். மூட்டையாகக் கட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். பொறியோ தீக்குச்சியோ தேவையில்லை. சூடோ புகையோ தெரிந்தால் பிரிக்காமல் ஆள்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். இல்லையென்றால் உலோக வாளியில் போட்டு, முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, வெளியே வையுங்கள்.

உப்பிய பாட்டிலைத் திறக்காதீர்கள், மூடியை இறுக்காதீர்கள், இன்னொரு மூடிய வாளிக்குள்ளும் போடாதீர்கள். பெராக்சைடு சிதையும்போது ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும். அதன் மூடியில் காற்றுப் போக நுண்துளை இருக்க வேண்டும். இதில் அது அடைபட்டிருக்கலாம். சுற்றிலும் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். வெயிலும் சூடும் படாமல், இப்போது இருக்கும் இடத்திலேயே அது இருக்கட்டும். அகற்றும் நிறுவனத்தாரிடம் உப்பியிருக்கிறது என்ற சொல்லைச் சொல்லி அழையுங்கள். அதற்கான கவசத்தோடு வருவார்கள்.

குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்கக் கூடாது, அது பாதரச ஆவியைக் கிடங்கு முழுவதும் பரப்பிவிடும். துடைப்பமும் வேண்டாம். காற்றோட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் தள்ளி இருந்துவிட்டு, கையுறையோடு கெட்டி அட்டை இரண்டால் சில்லுகளை அள்ளுங்கள். தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள ஜாடியில் போட்டு விளக்குகளுக்கான இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று கேட்க நினைத்தேன். கண் கழுவும் குழாய் உங்களிடம் எங்கே இருக்கிறது? பிரிக்கும் மேசையிலிருந்து 10 நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். கண்ணில் பட்டவரால் வழி பார்த்து நடக்க முடியாது. அதனால் இடையில் எதுவும் இருக்கக் கூடாது. குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் எழுதியது:

துணி தண்ணீருக்குள் போய்விட்டது அக்கா. மூட்டையின் நடுவில் கை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அது எத்தனை நாளாக அங்கே கிடந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கண் கழுவும் குழாய் இருக்கிறது. மேசையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். ஆறாவது அடியில் ஒரு பேலட்டில் மோதினேன். அந்த வரிசையில் பதினோரு பேலட்கள் நிற்கின்றன. இன்று ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் வேலையாக அவற்றை அங்கிருந்து எடுக்கிறோம். பையன் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்புகிறான்.